சிவப்புச் சாவி எங்கே?

அத்தியாயம் 4

"மன்னிப்பு கேட்டு வீடியோல்லாம் போட மாட்டேன் சார். என் வேலையில தப்பு இல்ல" என்று மேலாளர் நரசிம்மனிடம் சொன்னாள் மாரிசெல்வி.

இதை அவள் எத்தனையாவது முறை சொல்கிறாள் என்று எண்ணுவதை ஹேமந்த் எப்போதோ விட்டுவிட்டான். அவன் கவலையெல்லாம் டிபன் சாப்பிடாமல் கிளம்பி வந்ததில் இருந்தது.

அவளுக்குப் பின்னால், டிரெய்லர் மேல் ஒரு பாய்மரப் படகு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. வல்லம் வடகால் தொழிற்பேட்டையில், கார் சீட்டு தைக்கிற கம்பெனிக்கும் பெயின்ட் கிடங்குக்கும் நடுவே ஒரு தகரக் கொட்டகைக்குள் படகுக்கு என்ன வேலை என்று கேட்காத ஆள் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. இளம்பரிதி என்கிற வசதியான வீட்டுப் பிள்ளை கம்ப்யூட்டர் உத்தியோகத்தை உதறிவிட்டுப் படகு கட்டி விற்கக் கிளம்பியிருந்தான். கடலோரத்தில் வாடகை கட்டாது, ஃபைபர் வேலைக்கும் வெல்டிங்குக்கும் ஆள் இங்கேதான் மலிவு என்பது அவன் சொன்ன காரணம். பக்கத்து ஊரான வடக்குப்பட்டு ஜனங்களுக்கு அது போதவில்லை. பெரிய வெள்ளம் வரப்போவது அந்தப் பையனுக்கு மட்டும் முன்கூட்டியே தெரிந்துவிட்டது என்று அவர்களாக ஒரு காரணம் கட்டிக்கொண்டார்கள். இரண்டு குடும்பம் பீரோவை மாடிக்கு ஏற்றிவிட்டதாகக்கூடப் பேச்சு.

வெள்ளம் வரவில்லை. வந்தது வேறு.

படகுக்குள் ஒரு டீசல் எஞ்சின் உண்டு. காற்று விழுந்த நேரத்துக்கும், துறைமுகத்துக்குள் நுழைவதற்கும் அதுதான் கதி. எஞ்சினோடு கம்பெனி கொடுத்த ஆல்டர்னேட்டர் நாலு விளக்கு எரிய மட்டும் காணும். படகை வாங்குகிறவரோ உள்ளே ஃபிரிட்ஜ் வேண்டும், தானாகத் திரும்பும் சுக்கான் வேண்டும், பெரிய லித்தியம் பேட்டரி வேண்டும் என்று கல்யாண வீட்டுச் சீர் மாதிரி அடுக்கியிருந்தார். அவ்வளவுக்கும் கரண்டு உண்டாக்க, பழைய ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரியதாக ஒன்றை மாட்ட வேண்டியிருந்தது. அந்த வேலையை எடுத்தவள் மாரிசெல்வி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து செல்போன் கம்பெனி லைனுக்கு வந்து, சூப்பர்வைசரோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியேறி, இதே பேட்டையில் சொந்தமாக ஆல்டர்னேட்டர் பட்டறை வைத்தவள். வாய் கொஞ்சம் நீளம் என்று பேட்டையில் எல்லோரும் சொல்வார்கள். வேலை சுத்தம் என்றும் அதே ஆட்கள்தான் சொல்வார்கள், கொஞ்சம் தணிந்த குரலில்.

புதிதாக வார்த்த தாங்கியும் அகலமான பெல்ட்டுமாக எல்லாம் மாட்டி முடித்து, நேற்றுப் பகலில் எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். புத்தம் புது ஆல்டர்னேட்டர் கருகிப் போயிற்று. அதோடு, படகின் பேட்டரி சுவிட்சில் செருகியிருந்த சிவப்புச் சாவியையும் காணோம்.

கொட்டகையின் மேலாளர் நரசிம்மனுக்கு இரண்டும் ஒரே சங்கதி. மாரிசெல்வி மட்டமான சரக்கை மாட்டியிருக்கிறாள். குட்டு வெளிப்பட்டதும் பகலில் அவளிடம் கையாளாக வரும் பேச்சிராஜ் சாவியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். ஆகவே பேட்டையின் சப்ளையர்கள் அத்தனை பேரும் இருக்கிற வாட்ஸப் குரூப்பில் அவள் வீடியோவில் தோன்றி மன்னிப்புக் கேட்க வேண்டும். சாயங்காலம் டிரெய்லர் சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்புவதற்குள் கேட்காவிட்டால் அவரே அதில் அவள் பெயரைப் போட்டுவிடுவார். எப்படிப் போட்டாலும் சரி, அதற்கப்புறம் அவள் பட்டறைக்கு ஒரு நட்டு போல்ட்டுகூட வராது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சாவியைக் கண்டுபிடிக்கத்தான் நரசிம்மன் நாச்சியாரை வரவழைத்திருந்தார்.

நாச்சியார், ஒரகடம் கூட்டு ரோட்டில் பேக்கரிக்கு மேல் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவர். மாப்பிள்ளை விசாரணைதான் அதிகம் வரும். நெற்றி நிறையத் திருநீறும், தோளில் ஜோல்னாப் பையும், பார்வையில் கல்யாண மண்டபத்து வாசலில் நிற்கும் பெரியம்மாவின் கூர்மையும். ஹேமந்த் அவருக்கு உதவியாளன், பைக் ஓட்டி. கேட்காத நேரத்தில் கருத்தும் சொல்வான்.

"இன்னா மேடம், சாவி தொலைஞ்சா சாவிக்காரனத்தான கூப்புடுவாங்க. நம்மள எதுக்கு?" என்று காதோரம் கிசுகிசுத்தான்.

"அவன் கேள்வி கேக்க மாட்டான்லா, அதுக்குத்தான்" என்றார் நாச்சியார்.

ஏணி வழியாகப் படகுக்குள் இறங்கினார். பேட்டரி சுவிட்சில் இப்போது செருகியிருந்தது மாற்றுச் சாவி. சிவப்புப் பிளாஸ்டிக்கில் செய்தது, கட்டைவிரல் அகலம். அவர் அதைத் திருகிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், மறுபடி திருகி மறுபடி இழுத்தார். ஹேமந்த்துக்குப் போரடித்தது. இரண்டு தடவையில் விஷயம் என்னவென்று அவனுக்கும் புரிந்தது: சுவிட்சு ஆஃபில் இருக்கும்போது மட்டும்தான் சாவி கையோடு வரும். ஆனில் இருக்கும்போது எவ்வளவு இழுத்தாலும் வராது.

மேலே வந்ததும் நரசிம்மனிடம் நேற்று நடந்ததைக் கேட்டார். ஓய்வு பெறும்வரை பெரிய ஆலை ஒன்றில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து, ஆட்களுக்குப் பாதுகாப்பு வகுப்பும் எடுத்தவர் நரசிம்மன். தலையில் வெள்ளை ஹெல்மெட், கழுத்தில் அடையாள அட்டை, பெல்ட்டில் சாவிகள் குலுங்கும் தோல் பை. அந்தச் சாவிகளில் பாதி எந்தப் பூட்டுக்கு என்று அவருக்கே தெரியாது என்பார் அவர் வீட்டம்மா. ஓடுகிற எஞ்சினுக்குப் பக்கத்தில் தான் நின்றது உண்மைதான் என்றார். எஞ்சின் பெல்ட் கிறீச்சிட்டது. மாரிசெல்வி வெளியே போன் பேசப் போயிருந்தாள். பேச்சிராஜ் தண்ணீர் டிரம்முக்குக் குழாய் இழுக்கப் போனான். அப்புறம் அவன் திரும்பி வந்து எஞ்சினை நிறுத்தினான். அதற்குமேல் அவருக்கு ஒன்றும் தெரியாது.

"நீங்க எதையும் தொடலையா சார்?"

"எஞ்சின்ல நான் கையே வைக்கல. முப்பது வருஷ சர்வீஸ்ல என் கையால ஒரு மெஷின் கெட்டதில்ல."

அதைச் சொன்னபோது அவர் கண் சிமிட்டவில்லை, குரல் தடுமாறவில்லை. பொய் சொல்கிற மாப்பிள்ளைகளை நூற்றுக்கணக்கில் பார்த்த ஹேமந்த், இந்த மனுஷன் உண்மைதான் பேசுகிறார் என்று முடிவு கட்டினான். ஆக, திருடன் பேச்சிராஜ். கேஸ் முடிந்தது, டிபன் சாப்பிடலாம்.

மாரிசெல்வி அவனைப் பார்த்த பார்வையில் அந்த முடிவைச் சத்தமாகச் சொல்லிவிட்டோமோ என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"பேச்சிராஜ் எடுக்க மாட்டான்" என்றாள். "அவன் ராத்திரி ஷிஃப்ட் முடிச்சிட்டு ரூம்ல தூங்குதான். ஓடல. போய்ப் பாருங்க. நான் இங்கயே நிக்கேன், எங்கயும் போக மாட்டேன்."

பேச்சிராஜைத் தேடிச் சுங்குவார்சத்திரம் போனார்கள். பஸ் நிறுத்தத்தில் ஹேமந்த் பைக்கை நிறுத்தியதும் நேராக டீக்கடைக்குள் நுழைந்துவிட்டான். இது அவன் பிறந்த ஊர். இங்கே அவனுக்கு மரியாதை உண்டு என்பது அவன் நம்பிக்கை. கடை முழுக்கக் கழுத்தில் அடையாள அட்டைப் பட்டை மாட்டிய ஆண்களும் பெண்களும் நின்றார்கள். நீலப் பட்டை எந்த ஆலை, பச்சை எந்த ஆலை, சிவப்பில் வெள்ளைக் கோடு போட்டது யாருடைய காண்ட்ராக்ட் ஆள் என்று அவன் வடையைக் கடித்தபடியே நாச்சியாருக்கு விளக்கினான். இந்த ஊரில் ஜாதகம் பார்க்க வேண்டியதில்லை, கழுத்தைப் பார்த்தால் சம்பளம் தெரியும் என்பது அவன் கண்டுபிடிப்பு. மாப்பிள்ளை விசாரணைக்கு உதவும், குறித்துக்கொள் என்றார் நாச்சியார்.

பேச்சிராஜின் ரூம் ஒரு மொபைல் கடைக்கு மேலே இருந்தது. ஆறு பேர் வாடகை, மூன்று பாய். ஒருவன் ஷிஃப்டுக்குக் கிளம்பினால் பாயின் சூடு ஆறுவதற்குள் இன்னொருவன் வந்து விழுவான். கதவுக்குப் பக்கத்தில் வரிசையாக ஆணி. ஆணியில் வண்ணவண்ணமாக அடையாள அட்டைகள். பேச்சிராஜ் போர்வையை விலக்கிக் கண்ணைக் கசக்குவதற்குள் ஹேமந்த் அந்த அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டான். ஓர் அட்டைக்குப் பின்னால், சின்ன வளையத்தில் சிவப்பாக ஒரு சாவி.

"மேடம்" என்றான் ஹேமந்த். மேலே சொல்லத் தேவையில்லை என்று நினைத்தான். முகத்தில் வெற்றி வழிந்தது.

நாச்சியார் அதை வாங்கிப் பார்த்தார். பித்தளைச் சாவி. தலையில் மட்டும் சிவப்பு மூடி. படகுச் சாவியின் அகலத்தில் கால்வாசிகூட இல்லை. ஹேமந்த்தின் முகத்தில் வழிந்தது உடனே காய்ந்துவிட்டது.

"இது என் பூட்டுச் சாவிக்கா" என்றான் பேச்சிராஜ் பயந்துபோய். "பிளான்ட்ல ஆளுக்கு ஒண்ணு குடுத்திருக்காவ. மெஷினைத் திறக்கணும்னா மொதல்ல மெயினை ஆஃப் பண்ணிச் சிவப்புப் பூட்டு போட்றணும். சாவி நம்ம கழுத்துல. அப்பத்தான் நம்ம கை உள்ள இருக்கப்ப வேற எவனும் தெரியாம ஆன் பண்ண முடியாது. சாவிய மெஷின்லயே விட்டுட்டா அன்னைக்கே கேட்டுக்கு வெளிய."

நாச்சியார் சாவியைத் திருப்பிக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார். இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். பிளான்டில் வகுப்பு எடுப்பார்கள் என்றான். படகில் பேட்டரி சுவிட்சைத் தொட்டாயா என்று கேட்டதும் அவனுக்குத் தூக்கமெல்லாம் போய்விட்டது.

"நானா? எங்கப்பா மீன்பிடி வள்ளத்துல மொத பாடமே அதுதான்க்கா. எஞ்சின் ஓடும்போது பேட்டரியக் கழட்டுனா ஆல்டர்னேட்டர் செத்துரும். சின்ன வயசுல ஒருவாட்டி கை வச்சேன், அந்த அடி இன்னும் முதுகுல இருக்கு."

"நேத்து நீ குழாய இழுத்துட்டு உள்ள வந்தப்ப என்ன பாத்த?"

அவன் யோசித்தான். "எஞ்சின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஆனா மீட்டர், விளக்கு எல்லாம் அணைஞ்சி கெடந்துச்சு. நரசிம்மன் சார் இடுப்புல கை வச்சிக்கிட்டு எஞ்சினையே பாத்துக்கிட்டு நின்னாரு. சொன்ன பேச்சு கேக்காத புள்ளையப் பாப்பாவள்லா, அப்படி. நான் டீசல் குமிழ இழுத்து நிறுத்தினேன்."

இதை ஏன் நேற்றே சொல்லவில்லை என்று ஹேமந்த் அதட்டினான். யாரும் கேட்கவில்லை, ஷிஃப்டுக்கு பஸ் வந்துவிட்டது, காண்ட்ராக்ட் ஆள் ஒரு நாள் போகாவிட்டால் மறுநாள் வர வேண்டாம் என்பார்கள் என்றான் பேச்சிராஜ்.

பைக்கில் திரும்பும்போது நாச்சியார் வாயே திறக்கவில்லை. அப்படி அவர் மௌனமாக வந்தால் யாருக்கோ கல்யாணம் நின்றுபோகும் என்பது ஹேமந்த்தின் அனுபவம். ஒரகடம் மேம்பாலம் ஏறும்போது பொறுக்காமல் கேட்டேவிட்டான், திருடன் யார் என்று.

"கெடுக்க நெனச்சவனா இருந்தா சாவிய எதுக்குடே எடுக்கப் போறான்? சுவிட்சைத் திருகிட்டுப் போயிருப்பான். சாவியக் கழட்டிக் கையோட கொண்டுபோறவன் யாரு?"

ஹேமந்த் யோசித்தான். ஒன்றும் தோன்றாததால் ஆக்ஸிலரேட்டரைத் திருகினான்.

கொட்டகைக்கு வந்ததும் நாச்சியார் மாரிசெல்வியை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய்ப் பேசினார். அவள் முதலில் முறைத்தாள், பிறகு சிரித்தாள், பட்டறைக்குப் போய்ப் பழைய ஆல்டர்னேட்டர் ஒன்றைத் தூக்கி வந்தாள். மத்தியானம் ஆகிவிட்டது. அவள் அதை மாட்டி முடிப்பதற்குள் ஹேமந்த் பிரியாணிப் பொட்டலம் ஒன்றைக் காலி செய்து, படகு நிழலில் ஒரு தூக்கமும் போட்டான்.

முதலாளி இளம்பரிதி வந்து சேர்ந்தான். டிரெய்லர் டிரைவர் லுங்கியை மாற்றிப் பேன்ட் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். சும்மா ஒரு சோதனை, எஞ்சினுக்காவது பழுது இல்லை என்று பார்த்துவிடுவோம் என்று நாச்சியார் இளம்பரிதியிடம் சொல்லி வைத்தார்.

சூடு தணியக் கடல் தண்ணீர் குடிக்க வேண்டிய எஞ்சினுக்கு நீல டிரம்மிலிருந்து போர்வெல் தண்ணீர் ஏறியது. மாரிசெல்வி ஸ்டார்ட் செய்துவிட்டு மேலே வந்து, எல்லோருக்கும் நடுவில் கைகட்டி நின்றாள். உள்ளே பெல்ட் கிறீச்சென்று கத்த ஆரம்பித்தது. பன்றி கத்துவது மாதிரி இருந்தது ஹேமந்த்துக்கு.

நாச்சியார் நரசிம்மனிடம் பணிவாகத் திரும்பினார். இவ்வளவு பேரில் மெஷின் தெரிந்த பெரியவர் அவர் ஒருவர்தானாம். பெல்ட் ஏன் கத்துகிறது என்று ஒரு பார்வை பார்த்துச் சொல்ல முடியுமா?

புகழ்ச்சிக்கு மயங்காதவர் என்று பெயரெடுத்தவர்தான் நரசிம்மன். மறுபேச்சு இல்லாமல் ஏணியில் இறங்கினார். மேலே திறப்பின் விளிம்பைச் சுற்றி எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

அவர் எஞ்சின் மூடிக்கு முன்னால் போய் நின்றார். பெல்ட் சத்தத்துக்குக் காதைச் சாய்த்தார். அவர் கண் எஞ்சின் மேலேயே இருந்தது. வலது கை மட்டும் பக்கவாட்டில் நீண்டு பேட்டரி சுவிட்சைத் திருகியது, சிவப்புச் சாவியை உருவியது, இடுப்புத் தோல் பையின் மூடியைத் திறந்தது, வளையத்தில் கோர்த்தது, மூடியை அழுத்தியது. அதற்கப்புறம்தான் அவர் எஞ்சின் மூடியில் கை வைத்தார்.

மீட்டர்கள் அணைந்தன. எஞ்சின் டப டபவென்று ஓடிக்கொண்டே இருந்தது.

நரசிம்மன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

மாரிசெல்வி இறங்கிப்போய் டீசல் குமிழை இழுத்தாள். எஞ்சின் அடங்கிற்று.

"சார்" என்றார் நாச்சியார் மேலிருந்து. "அந்தத் தோல் பையக் கொஞ்சம் திறந்து பாருங்க."

எதற்கு என்று கேட்டபடியே திறந்தார் நரசிம்மன். பீரோ சாவி, கேட்டுச் சாவி, எதற்கென்றே தெரியாத சாவிகள். அவற்றுக்கு நடுவே சிவப்பாக ஒன்று. அதற்குப் பக்கத்தில் சிவப்பாக இன்னொன்று.

அவர் இரண்டையும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். யாரோ இப்போதுதான் அதில் கொண்டுவந்து வைத்தார்கள் என்பது போல.

"நான் எஞ்சின்ல கையே வைக்கலியே" என்றார், கடைசியில்.

"பொய்யில்ல சார். வீட்டுக்குள்ள நுழையும்போது செருப்பைக் கழட்டினது யாருக்கு ஞாபகம் இருக்கு? உங்களுக்கு சுவிட்சை அணைக்கிறதும் சாவிய எடுத்துக்கிறதும் வேலையே இல்ல, வேலைக்கு முந்தி நடக்கிற ஒண்ணு. ஆலையில மெயினை அணைச்சா மெஷின் நிக்கும். டீசல் எஞ்சினுக்கு ஓடறதுக்குக் கரண்டு வேண்டாம். அது பாட்டுக்கு ஓடும், ஆல்டர்னேட்டரும் சுத்தும், உண்டாகிற கரண்டு பேட்டரிக்குப் போக வழியில்லாம உள்ளயே கருக்கிடும். நேத்து அதான் நடந்தது. இன்னைக்கு மாட்டினது ஏற்கெனவே செத்துப்போனது, அதனால நஷ்டமில்ல."

இளம்பரிதி நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைகளுக்கே உரிய அவசரத்தோடு சமாதானத்தில் இறங்கினான். விஷயம் தெரிந்துவிட்டது, யார் மேலும் குற்றமில்லை, புது ஆல்டர்னேட்டர் அவன் வாங்கித் தருவான், துறைமுகத்திலேயே மாட்டிக்கொள்ளலாம், இப்போது டிரெய்லர் கிளம்பட்டும். நரசிம்மனும் ஏணியில் ஏறி வந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தன் பங்குக்கும் தாராளம் காட்டினார்.

"சரிம்மா. நீ வீடியோ போட வேண்டாம்."

மாரிசெல்வி படகை விட்டு இறங்கினாள். டிரெய்லரை லாரியோடு இணைக்கிற இரும்புக் கொக்கிச் சட்டம் வரைக்கும் நடந்துபோய், அதன் மேல் உட்கார்ந்தாள்.

"வீடியோ வேணும் சார்" என்றாள். "அதே குரூப்பில. நீங்க போடணும்."

அது எப்படி முடியும் என்றார் நரசிம்மன். அந்தக் குரூப்பில் பாதிப் பேர் அவரிடம் வகுப்பு கேட்டவர்கள். அதனால்தான் கேட்கிறேன் என்றாள் அவள். நேற்றிலிருந்து அவர் யார் யாரிடம் போனில் என்ன சொன்னார் என்பது அவள் காதுக்கும் வந்திருக்கிறது. தப்பு என்று நாலு சுவருக்குள் சொன்னால் நாலு சுவருக்குள்ளேயே கிடக்கும். டிரைவர் லாரியைப் பின்னால் எடுத்து வந்து, அவள் முதுகுக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்தி, ஹாரன் அடித்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இளம்பரிதி துறைமுகத்தில் கிரேன் காத்திருப்பதைச் சொன்னான், கெஞ்சினான், கடைசியில் நாச்சியாரைப் பார்த்தான்.

"நான் வந்தது சாவிக்கு. சாவி கெடைச்சாச்சு" என்றார் நாச்சியார். ஜோல்னாப் பையைக் கீழே வைத்துவிட்டு மாரிசெல்விக்குப் பக்கத்தில் இருந்த இடத்தில் அவரும் உட்கார்ந்தார்.

ஹேமந்த்துக்குப் போட்டிருந்தது புதுப் பேன்ட். கொக்கியில் கிரீஸ் அப்பியிருந்தது. இரண்டையும் ஒரு நிமிஷம் பார்த்தான்.

"தள்ளி குந்து அக்கா" என்று மூன்றாவதாகப் போய் நெருக்கிக்கொண்டான்.

பக்கத்துக் கொட்டகைகளில் ஷிஃப்ட் விடுகிற நேரம். சீட்டுக் கம்பெனிப் பெண்கள் கும்பலாக வந்து, லாரிக்கும் படகுக்கும் நடுவே மூன்று பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றார்கள். கேட்டுக்கு வெளியே யாரோ போனைத் தூக்கிப் பிடித்தார்கள். இனி அவர் போடாவிட்டாலும் எப்படியும் ஒரு வீடியோ போகத்தான் போகிறது என்பது நரசிம்மனுக்குப் புரிந்திருக்க வேண்டும். தோல் பையைத் திறந்தார். இரண்டு சிவப்புச் சாவிகளையும் வளையத்திலிருந்து கழற்றினார். கழற்றுவதற்கு நேரம் பிடித்தது.

"யார் எடுக்கிறது?" என்று கேட்டார்.

மாரிசெல்வி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்தாள். திரையில் அவர் தெரிகிறாரா என்று பார்த்தாள். படகின் நிழல் அவர் மேல் விழுந்திருந்தது.

"முகம் இருட்டா இருக்கு சார்" என்றாள். "வெளிச்சத்துக்கு வாங்க."